மரம் ஏன் தாமதம்? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் ஒரகடத்தில் ஒரு ஜப்பானிய நிறுவனத்தில் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். ஜப்பானிய மொழித் தேர்வில் என்2 என்ற நிலை முடித்திருக்கிறேன். வரலாற்றாசிரியர் அமினோ யோஷிஹிகோவைப் பற்றி முன்பு ஒரு கட்டுரையில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தேன். இடைக்கால ஜப்பானின் பொருளாதாரம், சமூகம் என்று பெரிய பெரிய நூல்களாக இருக்கின்றன. நான் இதுவரை படித்ததெல்லாம் சாமுராய், ஷோகுன், போர்கள்தான்.

எனக்குச் சில சந்தேகங்கள். ஐரோப்பாவில் இருந்தது போன்ற நிலப்பிரபுத்துவம் ஜப்பானிலும் இருந்ததா? காமாகுரா, முரோமாச்சி காலங்களில், அதாவது 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து 16ஆம் நூற்றாண்டு வரை, அரசு நாணயமே அடிக்கவில்லை என்கிறார்கள். அப்படியானால் சந்தை எப்படி நடந்தது? நான் எங்கே தொடங்குவது? எப்படியும் குரலற்ற எளிய மக்களைப் பற்றிச் சான்றுகள் எதுவும் மிஞ்சியிருக்காது. அப்போது பொருளாதார வரலாறு என்பது பெரும்பாலும் ஊகமாகத்தானே இருக்க முடியும்? அதில் நேரம் செலவிடுவது சரியா?

அன்புடன்,
ச.

*

அன்புள்ள ச.,

2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் வந்த நிலநடுக்கத்தில் ஒரு பழைய வீடு விழுந்தது. அந்தச் செய்தியைப் படித்ததிலிருந்தே அமினோவை மறுபடி எடுத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்த வீட்டுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதம் சரியான நேரத்தில்தான் வந்திருக்கிறது.

முதல் கேள்வியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். ஐரோப்பா மாதிரியா இல்லையா என்று நூறு வருடமாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒரே ஓர் ஊரின் கணக்கை உட்கார்ந்து படித்துவிட்டு வாருங்கள், அந்தக் கேள்வியில் உங்களுக்கே ஆர்வம் போய்விடும்.

இரண்டாவதற்குச் சுருக்கமான பதில் இருக்கிறது. 10ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு ஜப்பானிய அரசு காசு அடிப்பதை நிறுத்திவிட்டது. அப்புறம் பல நூறு ஆண்டுகள் சீனாவின் செப்புக்காசைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து புழங்கினார்கள். 1323இல் சீனாவிலிருந்து ஜப்பானின் ஹகாட்டா துறைமுகத்தை நோக்கிப் புறப்பட்ட ஒரு கப்பல் கொரியாவின் சினான் கடற்பகுதியில் மூழ்கியது. 1975இல் ஒரு மீனவரின் வலையில் பீங்கான் சிக்க, அந்தக் கப்பல் இருக்கும் இடம் தெரிந்தது. உள்ளே சுமார் 28 டன் காசு. சரக்குகளில் கட்டியிருந்த மரச்சீட்டுகளில் கியோட்டோவின் தோஃபுகுஜி கோயிலின் பெயர் இருந்தது. அரசு அடித்த காசு இல்லாவிட்டால் சந்தை இருக்காது என்று நாம் நினைப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இது போதும்.

மூன்றாவது கேள்விக்கு நடுவே ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன். "குரலற்ற எளிய மக்கள்." இந்தச் சொல்லை எங்கே பிடித்தீர்கள்? மேடையிலும் கட்டுரையிலும் எல்லோரும் சொல்கிறார்கள், நீங்களும் சொல்லிவிட்டீர்கள். கேட்கக் கருணையாக இருக்கிறது. ஆனால் அவர்கள் பேசினார்களா என்று ஒருநாளாவது போய்ப் பார்த்துவிட்டு இதைச் சொன்னவர்களை நான் அதிகம் கண்டதில்லை. நீங்கள் ஜப்பானிய மொழி படித்தவர். உங்களிடமிருந்து இந்தச் சொல் வந்தது எனக்குக் கோபமாகவே இருக்கிறது.

இன்றைய வாகாயாமா மாவட்டத்தில், அரிதா ஆற்றின் மேல்பகுதியில், மலைகளுக்கு நடுவே அதேகாவா என்று ஒரு ஷோஎன் இருந்தது. ஷோஎன் என்றால் ஒரே நிலத்தின் மீது பல அடுக்கு உரிமைகள் கொண்ட பண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே கியோட்டோவில் ஒரு கோயிலோ பிரபுவோ. கீழே ஊரில் காமாகுராவில் இருந்த சாமுராய் ஆட்சியின் பெயரால் உட்கார்ந்திருக்கும் ஜிதோ, அதாவது ஆயுதம் வைத்திருக்கும் நில அதிகாரி. அடியில் உழுகிற, மரம் வெட்டுகிற குடிகள். விளைச்சலில் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. அதேகாவாவின் மேலுரிமை ஜகுரகுஜி என்ற கோயிலிடம் இருந்தது. ஜிதோ, யுவாசா குலத்தைச் சேர்ந்த முனேச்சிகா.

1275இல் அந்த ஊரின் மேல்பகுதிக் குடிகள் கோயிலுக்கு ஒரு மனு எழுதினார்கள். பதின்மூன்று பிரிவுகள். ஏறக்குறைய முழுக்க முழுக்கக் கத்தகானாவில், அதாவது ஜப்பானியரின் எளிய ஒலியெழுத்தில். அந்தக் காலத்தில் மனு என்றால் சீன எழுத்துகளில் இருக்க வேண்டும். இவர்களுக்குத் தெரிந்தது கத்தகானா. தெரிந்ததை வைத்து எழுதினார்கள். ச., ஓரிரு எழுத்தின் வடிவம் பழையது என்பதைத் தவிர, அந்த மனுவை நீங்கள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட முடியும். 750 வருடத்துக்கு முந்தைய மலைக்குடிகள் எழுதியதை, ஒரகடத்தில் உட்கார்ந்துகொண்டு.

நான்காவது பிரிவு புகழ்பெற்றது. ஜப்பானியப் பள்ளிப் பாடநூல்களில் இருக்கிறது. அதன் சாரத்தைச் சொல்கிறேன்: கோயிலுக்கு நாங்கள் தர வேண்டிய மரம் தாமதமாகிறது. காரணம் இதுதான். கியோட்டோ வேலை என்றும் உள்ளூர் வேலை என்றும் ஜிதோ எங்கள் ஆட்களை இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். மிஞ்சியிருக்கும் கொஞ்சம் பேரை மரம் வெட்ட மலைக்கு அனுப்பினால், ஓடிப்போனவனின் நிலத்தில் கோதுமை விதையுங்கள் என்று திருப்பி விரட்டுகிறார். நீங்கள் விதைக்காவிட்டால் உங்கள் பெண்டுபிள்ளைகளைப் பிடித்துக் காதை அறுப்பேன், மூக்கை அரிவேன், தலைமுடியை வெட்டிப் பிக்குணி ஆக்குவேன், கயிற்றில் கட்டி வதைப்பேன் என்கிறார். ஆகவே மரம் இன்னும் தாமதமாகிறது.

காதும் மூக்கும்தான் எல்லோர் நினைவிலும் நிற்கிறது. ஐயோ பாவம், குரலற்ற மக்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறோம். கொஞ்சம் நில்லுங்கள். பிரிவு எங்கே தொடங்குகிறது? மரத்தில். எங்கே முடிகிறது? மரத்தில். இது இரக்கம் கேட்கும் மனுவே இல்லை. உனக்கு வர வேண்டிய மரத்தை இடையில் நிற்கிற ஜிதோ தடுக்கிறான், நஷ்டம் உனக்கு என்று கோயிலிடம் கணக்கு சொல்கிறார்கள். இரண்டு எஜமானர்களில் யாரை வைத்து யாரை மடக்கலாம் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தங்கள் பாக்கிக்கான பழியை ஜிதோ தலையில் கட்டவும் தெரிந்திருக்கிறது. சிலதைக் கூட்டிக்கூட எழுதியிருக்கலாம். வழக்கில் ஜெயிக்க எழுதியதில் அது இருக்கத்தான் செய்யும். எதைக் கூட்டினால் மேலிடத்துக்குச் சுருக்கென்று தைக்கும் என்று யோசித்து எழுதியவர்களைக் குரலற்றவர்கள் என்று எந்தக் கணக்கில் சேர்க்கிறீர்கள்?

பொருளாதார வரலாறு ஊகம் என்றீர்கள். இந்த ஒரு பத்தியிலேயே எவ்வளவு இருக்கிறது பாருங்கள். வரியாக நெல் மட்டுமே போகவில்லை, மரம் போகிறது. ஆள் பற்றாக்குறை இருக்கிறது. குடிகள் ஊரை விட்டு ஓடுகிறார்கள், ஓடியவனின் நிலம் தரிசாகக் கிடப்பதை ஜிதோ சகிக்க மாட்டார். பத்தாம் மாதத்தில், குளிருக்கு முன், கோதுமை விதைக்க வேண்டியிருக்கிறது. அதே வாரங்களில்தான் மலையில் மரமும் வெட்ட வேண்டும். ஓர் ஊரின் உழைப்பு நாட்களைக் கோயிலும் ஜிதோவும் பிடித்து இழுப்பதை நாள் கிழமையோடு பார்க்கிறோம். இதைவிட உறுதியாக ஒரு போரைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? போர்க்கதைகளில் முக்கால்வாசி ஜெயித்தவன் வீட்டில் எழுதியது.

இன்னொன்று சொல்கிறேன். நாராவுக்குப் பக்கத்தில் யாக்யூ என்ற இடத்தில், சாலையோரப் பாறையில் ஜிசோ என்ற போதிசத்துவரின் உருவம் ஒன்றைச் செதுக்கியிருக்கிறார்கள். அதன் அருகிலேயே சில வரிகள். 1428க்கு முந்தைய கடன் எதுவும் காம்பேயின் நான்கு ஊர்களில் கிடையாது என்பது பொருள். அந்த ஆண்டு ஓமி பகுதியில் சுமை ஏற்றும் குதிரைக்காரர்கள் தொடங்கிய கலவரம் கியோட்டோவுக்கும் நாராவுக்கும் பரவியது. வட்டிக்கடைகளை உடைத்தார்கள், கடன் சீட்டுகளைக் கிழித்தார்கள். எல்லாம் அடங்கியபின் இந்த ஊர்க்காரர்கள் செய்ததைப் பாருங்கள். சீட்டைக் கிழித்தால் நாளைக்கு ஒருவன் வேறு சீட்டோடு வருவான் என்று தெரிந்து, பாறையில் வெட்டி வைத்தார்கள்.

கியோட்டோவின் தோஜி கோயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஐந்தடுக்கு கோபுரம் உள்ள கோயில். அதன் ஷோஎன்களிலிருந்து நூற்றாண்டுக் கணக்கில் வந்த தாள்களைப் பத்திரப்படுத்த, காகா பகுதியின் பிரபு மாயேதா ட்சுனனோரி 1685இல் நூறு பெட்டிகள் செய்து கொடுத்தார். சுமார் 25,000 ஆவணங்கள். 2015இல் யுனெஸ்கோ அதை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அத்தனையும் இணையத்தில் படங்களாக, இலவசமாகக் கிடைக்கின்றன.

அந்தப் பெட்டிகளில் தமகாகி என்ற பெண் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. இன்றைய ஒகாயாமா மாவட்டத்தின் வடமேற்கில் நீமி என்ற ஷோஎன். 1462இல் தோஜி தன் பிரதிநிதியாக யூசெய் என்ற துறவியை அங்கே அனுப்பியது. பெரும்பஞ்சம் ஓய்ந்த கையோடு வந்தவர், பாக்கியை விடாமல் வசூலித்தார். அடுத்த வருடமே கொல்லப்பட்டார். யாரோ வீடு கட்டிக்கொண்டிருந்த இடத்தைக் குதிரையில் கடந்தபோது இறங்கவில்லை என்று மறித்தார்கள். இறங்கி மன்னிப்புக் கேட்டும் விடவில்லை. உள்ளூர் அதிகாரி ஒருவரின் சகோதரியான தமகாகிதான் அங்கே அவரைக் கவனித்துக்கொண்டவள். அவள் தோஜிக்கு எழுதுகிறாள், ஹிரகானா என்ற இன்னொரு ஒலியெழுத்தில். இறந்தவரின் உடைமைகள் இன்னின்ன, ஈமச்சடங்குக்குச் செலவானவை போக மிச்சம் இன்னின்ன. அப்புறம், அந்த மிச்சத்திலிருந்து சிலவற்றை நினைவாக வைத்துக்கொள்ளத் தருவீர்களா என்று கேட்கிறாள். அவள் கேட்டவற்றில் ஒரு வெள்ளைக் கொசோதே அங்கியும் உண்டு.

கோயிலுக்கு அது ஒரு சொத்துக் கணக்கு. அதனால்தான் பெட்டிக்குள் போனது, நம் கைக்கும் வந்தது. அவளோ கணக்கு எழுதுகிற தாளிலேயே தன் துக்கத்தையும் எழுதிவிட்டாள். எத்தனை முறை படித்தாலும் அந்த இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்கிறது. வசூலுக்கு வந்தவனைக் கொன்ற ஊரும் அதுதான், அவன் அங்கியைக் கேட்டு எழுதியவள் இருந்த ஊரும் அதுதான். சமூக வரலாறு என்று ஒன்று எழுதினால் இரண்டும் அதில் இருக்க வேண்டும்.

சரி, அமினோவுக்கு வருகிறேன். 1928இல் யமானாஷியில் பிறந்தவர், 2004இல் இறந்தார். அவருடைய கொள்கைகளைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அரசனுக்கும் பிரபுவுக்கும் அகப்படாத இடங்கள் இடைக்காலத்தில் இருந்தன, கோயில் வளாகம், சந்தை, ஆற்றங்கரை போன்றவை என்று 1978இல் அவர் எழுதியதைச் சக ஆய்வாளர்கள் பலர் கடுமையாக மறுத்தார்கள். அந்த மறுப்புகளில் நியாயம் இருக்கிறது. கைவிடப்பட்டவன் நிற்கிற இடத்தைச் சுதந்திரமான இடம் என்று அவர் சில சமயம் ஆசையோடு படித்துவிடுகிறார். அது இருக்கட்டும். எனக்கு அவரிடம் பெரிதாகத் தெரிவது அவர் தாள்களோடு நடந்துகொண்ட விதம்.

போருக்குப் பின், 1949இல், ஜப்பானின் மீன்வளத் துறை ஒரு திட்டம் போட்டது. நாடு முழுவதும் கடற்கரை ஊர்களில் உள்ள பழைய ஆவணங்களைத் திரட்டிப் படியெடுப்பது. ஜப்பான் வங்கியின் ஆளுநராகவும் நிதியமைச்சராகவும் இருந்த ஷிபுசாவா கெய்சோ நிறுவிய ஆய்வகம் அந்தப் பொறுப்பை ஏற்றது. இளைஞரான அமினோ டோக்கியோவின் ட்சுகிஷிமாவில் அதில் வேலைக்குச் சேர்ந்தார். தீவு தீவாக, ஊர் ஊராகப் போய், விரைவில் திருப்பித் தருகிறோம் என்று சொல்லிப் பெட்டி பெட்டியாகக் கடன் வாங்கினார்கள். 1955இல் பணம் நின்றது, திட்டம் நின்றது, ஆட்கள் கலைந்தார்கள். தாள்கள் அங்கேயே தங்கிவிட்டன. அமினோ உயர்நிலைப் பள்ளி ஆசிரியரானார், பிறகு நகோயாவில் பேராசிரியர், புகழ்பெற்ற அறிஞர். அந்தப் பெட்டிகள் மட்டும் அவரை விடவில்லை. 1980களின் தொடக்கத்தில் அந்த ஆய்வகத்தைக் கானகாவா பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டபோது அவரும் அங்கே போய்ச் சேர்ந்தார். ட்சுஷிமா, செத்தோ உள்கடலின் ஃபுதகாமி தீவு, நோட்டோ என்று வருடக்கணக்கில் பயணம் செய்து, வீடு வீடாகத் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். கடன் கொடுத்தவர்கள் பலர் அதற்குள் இறந்திருந்தார்கள். வசை வாங்கத் தயாராகப் போனவரைப் பல வீடுகளில் அன்போடு உள்ளே அழைத்தார்கள்.

இதை நான் இவ்வளவு பெரிதாகச் சொல்லக் காரணம் உண்டு. என் தாத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். சிட்டையும் பேரேடும் துணியில் கட்டிப் பரணில் கிடந்தன. நான் பள்ளியில் படிக்கிறபோது ஆய்வாளர் ஒருவர் வந்தார், எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், ஒரு மாதத்தில் தருவதாகச் சொல்லி மூன்று பேரேடுகளை வாங்கிக்கொண்டு போனார். அப்புறம் வரவே இல்லை. பேரேடு போனதைவிடத் தாத்தாவை அரித்தது வேறு. "எந்த வீட்டுல எந்த மாசம் அரிசிக்கு வழியில்லாமப் போச்சுன்னு எல்லாம் அதுல இருக்குடா. யார் கையில கெடக்குதோ" என்பார். கடன்பட்டவர்களின் மானத்துக்குத் தான் காவல் என்று அவர் நினைத்தார். பழைய கணக்கு ஒவ்வொன்றிலும் இப்படி உயிரோடிருந்த மனிதர்களின் மானம் இருக்கிறது. சான்று, தரவு என்று பெயர் வைத்து அதை எடுத்துப் போகிறவர்களுக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். அமினோவுக்குத் தெரிந்திருந்தது.

நோட்டோவில் அவர் போன வீடு டோக்கிகுனி குடும்பத்துடையது. 1185இல் அங்கே நாடு கடத்தப்பட்ட தாயிரா குலத்தவர் ஒருவரின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் பழைய குடும்பம். இருநூறு பேர் அளவில் பண்ணையாட்களை வைத்து உழுத, மூலையில் ஒதுங்கிக் கிடந்த விவசாயக் குடும்பம் என்றுதான் ஆய்வாளர்கள் அதை எண்ணியிருந்தார்கள். களஞ்சியத்தில் பத்திரமாக இருந்த தாள்களும் அப்படித்தான் சொல்லின, நிலம், நெல், வரி என்று. பிறகு தள்ளுகதவுகளின் உட்புறத்தில் ஒட்டுவதற்காகப் பயன்படுத்திய கழிவுத்தாள்களைப் பிரித்துப் படித்தார்கள். அதில் கப்பல் வந்தது. உப்பு, விறகு, வடக்கே ஹொக்காய்தோவரை வணிகம். நிலமற்றவர்கள் என்று அரசுக் கணக்கில் பதிவான ஒரு குடும்பம் டோக்கிகுனிக்கே கடன் கொடுத்திருந்தது. விசாரித்தால் அவர்கள் கப்பல் வணிகர்கள், நிலம் அவர்களுக்குத் தேவைப்படவே இல்லை.

இவையெல்லாம் இடைக்காலத்துக்குப் பிந்திய எடோ காலத்துத் தாள்கள்தான். ஆனால் இதற்குப் பிறகு அமினோ இடைக்கால ஆவணங்களுக்குத் திரும்பிப் போய்ப் பழைய கேள்வியை மாற்றிக் கேட்டார். எந்தத் தாளை வரி வாங்குகிறவன் வைக்கச் சொன்னான், எந்தத் தாளைத் தூக்கிப் போட்டார்கள்? அரசு நெல்லைத்தான் எண்ணியது, ஆகவே நாமும் நெல்லை மட்டுமே பார்த்துவிட்டு ஜப்பான் நெல்விவசாயிகளின் நாடு என்று எழுதிவிட்டோம். கடலில் இருந்தவர்களும் மலையில் இருந்தவர்களும் அந்தக் கணக்கில் விழவே இல்லை. உங்கள் "குரலற்றவர்கள்" பெரும்பாலும் இப்படித்தான் உருவானார்கள். அவர்கள் எழுதினார்கள், அதைக் கதவுக்குள் ஒட்டிவிட்டோம்.

நான் தொடக்கத்தில் சொன்ன வீடு இதுதான். அந்தக் குடும்பத்தின் இரு கிளைகளில் மேல் டோக்கிகுனியின் பெரிய வீடு. நிலநடுக்கத்தில் அதன் பிரமாண்டமான புல்கூரை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டது.

எங்கே தொடங்குவது என்று கேட்டிருந்தீர்கள். சாமுராய் புத்தகங்களை ஒரு வருடம் மூடி வையுங்கள். பொதுவாசகர்களுக்காக அமினோ எழுதிய ஜப்பானிய வரலாற்று நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2012இல் வந்திருக்கிறது. ஆனால் உங்களுக்கு எதற்கு ஆங்கிலம்? மூலத்தையே எடுங்கள், நடை எளிமையானது. அதை முடித்தபின் வாகாசா பகுதியின் தாரா ஷோஎன் பற்றி அவர் செய்த ஆய்வுக்குப் போங்கள். அது கடினம், மெதுவாகத்தான் நகரும், பரவாயில்லை.

அதற்கு முன்னால் ஒரு வேலை. அதேகாவா மனுவில் பதின்மூன்று பிரிவுகள் என்றேன். நான் சொன்னது நான்காவதை மட்டும், அதுவும் சாரமாக. மிச்சத்தை நீங்கள் கத்தகானாவிலிருந்து நேராகத் தமிழுக்குக் கொண்டுவந்து அனுப்புங்கள். புரியாத இடங்களில் புரியவில்லை என்றே குறித்து அனுப்புங்கள். முழுவதையும் இங்கே வெளியிடுகிறேன்.

அன்புடன்